பால்காய்ப்புக்கு வாங்கிக் குடுத்த மிக்ஸி நாலாம் நாளே புகையுது, கையில இருக்கறது எஸ்டிமேட் சீட்டு மட்டும்தான், ஏதாவது வழி இருக்கா?

சாரல்_காத்து எழுதுனது:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. போன மாசம் எங்க அக்கா வீட்டு பால்காய்ப்பு. தம்பி சீரா ஒரு மிக்ஸி எடுத்துக் குடுப்போம்னு எங்கூர் பஜார்ல தெரிஞ்ச கடைதான், அங்கனயே போனேன். 750 வாட்ஸ், மூணு ஜார், பெட்டில எம்ஆர்பி 5,995 போட்டிருந்தது, அண்ணாச்சி பேசி 4,350க்கு தந்தாரு. பில் கேட்டப்ப "பில் போட்டா ஜிஎஸ்டி தனியா 780 ரூவா கூட வரும் தம்பி, உனக்கு எதுக்கு, நான் இங்கனதான இருக்கேன்"ன்னாரு. நானும் சரின்னுட்டேன், புத்தி கெட்டுப்போய். ஒரு ரோஸ் கலர் சீட்டு தந்தாரு. மேல எஸ்டிமேட்னு அச்சடிச்சிருக்கு, கடை பேரு கூட இல்ல, "மிக்ஸி 1 – 4350"னு பேனால எழுதிருக்கு. கடை பேரு போட மறந்தவரு கீழ "விற்ற பொருள் திரும்பப் பெறவோ மாற்றவோ இயலாது"ன்னு மட்டும் மறக்காம அச்சடிச்சிருக்காரு. பணம் ஜிபேல போட்டேன், அது அவரு மகன் பேருக்குப் போயிருக்கு.

நாலாம் நாள் காலைல அக்கா தேங்காச் சட்னி அரைக்கும்போது ஜாருக்கு அடில கருப்பா தண்ணி கசிஞ்சிருக்கு, தொடைச்சுட்டு மறுபடி போட்டா ரப்பர் எரிஞ்ச மாதிரி வாடை, அப்புறம் லேசா புகை. நிறுத்திட்டா. அடில ஒரு செவப்பு பட்டன் இருக்குல்லா, அத அமுக்குனா பத்து நிமிசம் ஓடுது, திரும்ப நின்னுருது. கடைக்கு தூக்கிட்டுப் போனா "உளுந்து போட்டு ஆட்டிருப்பீங்க, ஓவர்லோடு"ங்காரு. சத்தியமா தேங்கா, பொரிகடலை, ரெண்டு பச்ச மிளகா, அவ்ளோதான். வித்த பொருள வாங்க மாட்டோம், கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போங்கன்னுட்டாரு. மெனக்கெட்டு திருநெல்வேலி போனா, அங்க பில் இல்ல, வாரண்டி கார்டுல கடை சீலும் இல்ல, அதனால காசு கட்டித்தான் பாக்கணும், மோட்டார் மாத்த 1,600 ஆகும்னு சொல்லுதாங்க.

என் சந்தேகம் இதான். பில் இல்லாம ஒண்ணும் செய்ய முடியாதா? அந்த சீட்டுல அச்சடிச்சிருக்கறது சட்டப்படி செல்லுமா? வாங்குனது நான், வச்சிருக்கறது அக்கா, யாரு பேருல புகார் குடுக்க? வக்கீல் வச்சா மிக்ஸி வெலைக்கு மேல ஆயிருமேன்னு வேற யோசனையா இருக்கு.


ஓரமா_நிக்கிறேன் எழுதுனது:

ப்ரோ 4,350 ரூபாய்க்கு கோர்ட்டா. பெட்ரோல் காசு கூட தேறாது. 1,600 கட்டி மோட்டார மாத்திட்டு அந்த கடைப் பக்கம் இனி தலை வச்சுப் படுக்காதீங்க. நம்ம நாட்டுல இதெல்லாம் இப்டிதான்.


வைகைக்கரை_டீச்சர் எழுதுனது:

ஓரமா நிக்கிற தம்பி, எல்லாரும் ஓரமாவே நின்னதாலதான் அந்த வரிய இன்னமும் அச்சடிக்கிறாங்க. நான் மதுரைல பள்ளிக்கூட டீச்சர். வக்கீல் வைக்காம நானே கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போய்ட்டு வந்தவ, அதனால தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல அந்த சீட்டு. வித்த பொருள் திரும்ப வாங்க மாட்டோம்னு அச்சடிச்சு வச்சுட்டா பழுதான பொருள உங்க தலைல கட்டலாம்னு அர்த்தம் இல்ல. 2019ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு சட்டம், 2020 ஜூலை 20ல இருந்து நடைமுறைல இருக்கு, அதுல பிரிவு 2(47)ல நியாயமில்லாத வணிக நடைமுறைன்னு ஒரு பட்டியல் இருக்கு. பழுதான பொருள திரும்ப எடுத்துக்கிட்டு காசு தர மறுக்கறது அதுல ஒண்ணு. பில்லுல எத்தன நாளுக்குள்ளன்னு போட்டிருந்தா அந்த நாளுக்குள்ள, ஒண்ணுமே போடலன்னா 30 நாளுக்குள்ள. உங்களுக்கு நாலாம் நாளே போயிருச்சு, நீங்களும் உடனே தூக்கிட்டுப் போயிருக்கீங்க. அதே பட்டியல்ல பில் தராம இருக்கறதும் இருக்கு. அதாவது அவர் செஞ்ச ரெண்டுமே அதுல வருது. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, இது பழுதுக்கு மட்டும்தான். கலர் பிடிக்கல, வீட்டுக்காரருக்கு பிடிக்கலன்னா கடைக்காரர் மனசு வச்சாதான் உண்டு, சட்டத்த காட்டி சண்ட போட முடியாது. சேல எடுத்துட்டு வந்து நம்மாளுங்க இதுலதான் மல்லுக்கட்டுவாங்க.

யாரு பேர்லங்கறதுக்கு, காசு குடுத்து வாங்குனவர் மட்டும் இல்ல, அவர் சம்மதத்தோட அந்தப் பொருள பயன்படுத்துறவங்களும் நுகர்வோர்னு அதே சட்டத்துல சொல்லிருக்கு. அதனால சீரா குடுத்த பொருளுக்கு உங்க அக்காவும் புகார் குடுக்கலாம், நீங்களும் குடுக்கலாம். ஜிபே உங்க நம்பர்ல இருந்து போனதால நீங்க ரெண்டு பேருமே கையெழுத்து போட்டு குடுத்தா இன்னும் நல்லதுன்னு எனக்குப் படுது.

காசு விஷயம். பொருளுக்கு குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே கிடையாது, சுழியம். வக்கீல் கட்டாயம் இல்ல. கடை எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கற ஊர், இல்ல வேலை பாக்கற ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், கன்ஸ்யூமர் கோர்ட்டுன்னு சொல்றது அதத்தான். இது பழைய 1986 சட்டத்துல இல்லாத வசதி, ஆன்லைன்ல வாங்குறவங்களுக்கு ரொம்ப உதவும். பிரச்சன வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுறணும்.

இப்ப நெசத்தையும் சொல்லிர்றேன், இல்லன்னா அப்புறம் என்னைய திட்டுவீங்க. மூணு மாசத்துல முடிக்கணும்னுதான் சட்டத்துல இருக்கு, பொருள லேபுக்கு அனுப்ப வேண்டி வந்தா அஞ்சு மாசம். எனக்கு ஆனது 14 மாசம். ஒரு சோபா செட், 18,500 ரூபா, தேக்குன்னு சொல்லி வித்தாங்க, ஆறு மாசத்துல அடிக்கட்டைல இருந்து மாவு மாவா கொட்டுச்சு, பாத்தா உள்ள பைன் மரமும் ப்ளைவுட்டும். ஏழு தடவ போனேன், அதுல மூணு தடவ எதிர்த்தரப்பு வாய்தா. அவங்க பதில் போட 30 நாள், அதுக்கு மேல 15 நாள் வரைக்கும்தான் நீட்டிக்க முடியும், அதத் தாண்டி குடுக்க முடியாதுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி அமர்வே சொல்லிருச்சு, ஆனா அத அங்க நாமதான் ஞாபகப்படுத்தணும். நான் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போய் கை நடுங்க நடுங்க வாசிச்சேன். கடைசில முழுக் காசும், மன உளைச்சலுக்கு 5,000மும், செலவுக்கு 3,000மும் குடுக்கச் சொன்னாங்க. அதுக்கப்புறமும் ரெண்டு மாசம் கடைக்காரர் வாயத் தொறக்கல. உத்தரவ நிறைவேத்தலன்னா பிரிவு 72ல ஒரு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 25,000க்கு குறையாத அபராதம், அதுக்குன்னு மனு போட்டேன். நோட்டீஸ் போன மறுவாரம் டிடி வந்துருச்சு.


ஈரோட்டு_கல்லாப்பெட்டி எழுதுனது:

வணக்கமுங்க. நானும் சின்னதா ஒரு எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கறவன்தானுங்க, கடைக்காரன் பக்கமும் ஒருத்தன் பேசோணுமில்லீங்களா.

எஸ்டிமேட்டு சீட்டு குடுக்கறது தப்புதான், அதுல மறு பேச்சே இல்லீங்க. கணக்குல காட்டாம விக்கறதுக்குத்தான் அது. பில் போட்டா ஜிஎஸ்டி தனியான்னு சொன்னாலே, பில் இல்லாம விக்கறதுல வரி கட்டறதில்லைன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி. ஆனா ரிட்டர்ன் எடுக்க மாட்டேங்கறதுக்கு காரணம் எப்பவும் திமிரு இல்லீங்க. நாங்க டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட திருப்பிக் குடுத்தா அவன் எடுக்கோணும், அவன் கம்பெனிக்கு அனுப்போணும், கம்பெனிக்காரன் சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட் இல்லாம தொடவே மாட்டான். நடுவுல நாலாயிரம் ரூபாய்ப் பொருள் ஒண்ணு எங்க குடோன்ல ஆறு மாசம் தூசி புடிச்சுக் கெடக்கும். அதான் எல்லாரும் சர்வீஸ் சென்டருக்கு கையக் காட்டி உட்டர்றோம்.

அதனால நீங்க புடிக்க வேண்டியது அந்த ரிப்போர்ட்டத்தானுங்க. அதுக்கு ஜாப் ஷீட்டுன்னு பேரு. சர்வீஸ் சென்டர்ல பொருள வாங்கி வெச்சா அத எழுதிக் குடுத்தே ஆகோணும். நீங்க போனப்ப வாய்லயே 1,600 ஆகும்னு சொல்லி அனுப்பிருக்காங்க பாருங்க, அதுதான் சூட்சுமம். திரும்பப் போங்க. காசு கட்டறது அப்புறம், முதல்ல என்ன பழுதுன்னு எழுதித் தாங்கன்னு நில்லுங்க. அவங்க எழுதறப்ப பக்கத்துலயே நின்னு படிச்சுப் பாருங்க. "கஸ்டமர் மிஸ்யூஸ்"னு ஒரு வார்த்தையப் போட்டுட்டான்னா முடிஞ்சுதுங்க, அத மாத்தறதுக்குள்ள தாவு தீந்துரும். "சாதாரண பயன்பாட்டுல மோட்டார்ல எரிஞ்ச வாடை, ஜார் புஷ் கசிவு"ன்னு நீங்க சொன்னத சொன்னபடி எழுதச் சொல்லுங்க.

இன்னொண்ணு, நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா முதல்ல போனது மோட்டாரே இல்லீங்க. ஜாருக்கு அடில கருப்பாத் தண்ணி வந்துச்சுன்னா பிளேடு சுத்தற தண்டுல இருக்கற புஷ்ஷும் சீலும் சரியா உக்காரல. தண்ணி இறங்கி, ஜாரையும் மோட்டாரையும் இணைக்கற கப்ளர்ல பட்டு, தண்டு இறுகி, சுத்த முடியாம மோட்டார் சூடாகுது. செவப்பு பட்டன் அதனாலதான் ட்ரிப் ஆகுது, அது மோட்டாரக் காப்பாத்தறதுக்கு வெச்ச பட்டன். காலி ஜாரக் கழட்டிக் கவுத்து வெச்சு, அடில இருக்கற கப்ளரக் கையால சுத்திப் பாருங்க, பெரிய ஜார்ல இறுக்கமாவும் சின்ன ஜார்ல லேசாவும் சுத்துச்சுன்னா பழுது ஜார்ல. நாலே நாள்ல இப்படின்னா அது வரும்போதே அப்படித்தான் வந்திருக்கோணும். சுத்தறத வீடியோ எடுத்து வெச்சுக்குங்க. தெரிஞ்ச மெக்கானிக்குன்னு உள்ளூர்ல குடுத்துக் கழட்டிறாதீங்க, அடி ஸ்க்ரூ மேல ஒரு ஸ்டிக்கரு இருக்கும், அது கிழிஞ்சா வாரண்டியும் கிழிஞ்ச மாதிரிதான்.


சாரல்_காத்து எழுதுனது:

அண்ணே நீங்க சொன்ன மாதிரியே இப்பதான் சுத்திப் பாத்தோம், பெரிய ஜார் கல்லு மாதிரி இருக்கு, சின்ன ஜார் பம்பரம் மாதிரி சுத்துது! வீடியோ எடுத்தாச்சு. ஆனா பில்லு? ஜிபே வேற அவரு மகன் பேருக்குல்லா போயிருக்கு.


ரிட்டயர்டு_தாத்தா65 எழுதுனது:

தம்பி, நான் தொழிலாளர் துறையில் எடையளவு பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பில் இல்லை என்பதால் வாங்கவே இல்லை என்று ஆகிவிடாது. அந்த ரோஸ் சீட்டு, ஜிபேயில் தேதி நேரம் தொகையோடு இருக்கும் பதிவு, கடைக்காரரிடம் பேசிய வாட்ஸ்அப், பெட்டியிலும் மிக்ஸி அடியிலும் இருக்கும் சீரியல் நம்பர், எல்லாம் சேர்ந்தால் அதுவே ஆதாரம். சீட்டில் 4,350, ஜிபேயிலும் அதே நாளில் 4,350, இதற்கு மேல் என்ன வேண்டும். ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம், வங்கி ஸ்டேட்மென்டில் அந்தப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். பழைய போனை மாற்றுவதாக இருந்தால் இது முடியும்வரை மாற்றாதீர்கள்.

இன்னும் ஒரு வேலை செய்யுங்கள். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி போடுங்கள். இன்ன தேதியில் உங்கள் கடையில் வாங்கிய இன்ன மாடல் மிக்ஸி, இத்தனையாவது நாள் பழுது, இன்ன தேதியில் நேரில் கொண்டு வந்து காட்டினேன், மாற்றித் தர வேண்டும், பில்லும் தர வேண்டும் என்று. அவர் "அதெல்லாம் முடியாது தம்பி" என்று பதில் போட்டால் போதும், பொருள் தன் கடையில் வாங்கியதுதான் என்று அவரே எழுதிக் கொடுத்த மாதிரி. கோபமாக ஒரு வார்த்தை வேண்டாம், நாளைக்கு அதை நீதிபதி படிப்பார். என் அனுபவத்தில் பாதிப் பேர் வாயால் சண்டை போட்டு ஓய்ந்து விடுவார்கள், கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

200 ரூபாய்க்கு மேல் விற்றால் ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்காரர் கேட்காமலே பில் போட வேண்டும். வரி தனி என்று கேட்டு வாங்கும் விலையும் சேர்த்து எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் உள்ளடங்கிய விலை.

அடுத்து கடைக்கும் கம்பெனிக்கும், இரண்டு பேருக்கும் ஒரு நோட்டீஸ். கேஸ் போடும் முன் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் கொடுப்பது நல்லது. வக்கீல் லெட்டர்ஹெட் எல்லாம் வேண்டாம், வெள்ளைத்தாளில் தேதி வாரியாக நடந்ததை எழுதி 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். டெலிவரி ஆன விவரத்தைத் தபால்துறை தளத்தில் பார்த்து பிரிண்ட் எடுத்து வையுங்கள், கொஞ்ச நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது. கம்பெனி விலாசம் பெட்டியிலேயே இருக்கும். தயாரிப்பாளர் பெயர், விலாசம், புகார் சொல்ல போன் நம்பர் அல்லது மெயில் அச்சிட வேண்டும் என்பது 2011ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதி. பெட்டியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடவில்லையே?


சாரல்_காத்து எழுதுனது:

பெட்டி பரண்ல கெடக்கு தாத்தா, அக்கா அதுல பழைய துணி போட்டு வச்சிருக்கா. நல்லவேளை.


தாம்பரம்_பாஸ்ட்_லோக்கல் எழுதுனது:

நடுவுல புகுந்ததுக்கு ஸாரி. தாத்தா எடையளவு துறைன்னு சொன்னதால கேக்குறேன், பஸ் ஸ்டாண்ட் கடைல 20 ரூபா தண்ணி பாட்டில 25க்கு விக்கிறாங்க, கேட்டா கூலிங் சார்ஜ்னு சொல்றாங்க. இன்னொரு ஹோட்டல்ல அதே பாட்டில் 40, கேட்டா சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்குன்னு சட்டம் பேசுறாங்க. எது உண்மை? அப்றம் துணிக்கடைல பைக்கு தனியா 12 ரூபா போட்டாங்க, அதுவும் பில் போட்டு கார்டு தேச்சப்புறம் தான் தெரிஞ்சுது.


ரிட்டயர்டு_தாத்தா65 எழுதுனது:

இரண்டு பேரில் ஒருவர் சொல்வதுதான் உண்மை. பஸ் ஸ்டாண்ட் கடையில் கூலிங் சார்ஜ் என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. குளிர்ந்தாலும் குளிராவிட்டாலும் அச்சடித்த விலைதான். ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு எம்ஆர்பி அச்சடிப்பதையும் 2018 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். ஆனால் ஹோட்டலில் உட்கார வைத்துப் பரிமாறினால் அது வெறும் விற்பனை இல்லை, இடமும் சேவையும் சேர்ந்தது, அதனால் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மைதான். எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றுவரை மனத்தாங்கல் உண்டு, ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான்.

பெட்டிக்கடை விஷயத்துக்கு கன்ஸ்யூமர் கோர்ட் போக வேண்டியதில்லை. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர், அமலாக்கம் என்று போர்டு போட்ட அலுவலகம் இருக்கும், அங்கே எழுதிக் கொடுங்கள். கடை எது, தேதி, பொருள், அச்சடித்த விலை, வாங்கிய விலை, இவ்வளவு போதும். ஜிபேயில் 25 போட்டிருந்தால் அது பெரிய உபகாரம். நாங்கள் சோதனைக்குப் போகும்போது முதலில் எங்கள் ஆளையே சாதாரண ஆள் மாதிரி வாங்க விடுவோம். வேட்டி கட்டின ஒருவரை அனுப்பினால் சந்தேகமே வராது.

அப்படியே மீன் கடை, கறிக்கடைத் தராசையும் பாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒருமுறை முத்திரை போட வேண்டும், அந்தச் சான்றிதழைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும். பெட்ரோல் பங்கிலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவு கேன் வைத்திருப்பார்கள், சந்தேகம் வந்தால் அளந்து காட்டச் சொல்லலாம். ஆயிரம் வண்டி வந்தால் அதில் ஒருவர் கேட்பார், அவரையும் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்தே துரத்திவிடுவார்கள்.


வைகைக்கரை_டீச்சர் எழுதுனது:

பை விஷயம் நான் சொல்றேன். 2019ல சண்டிகர்ல ஒரு செருப்புக் கடைல பேப்பர் பைக்கு 3 ரூபா வாங்குனதுக்கு அங்க மாவட்ட கன்ஸ்யூமர் கோர்ட் 9,000 ரூபா கட்டச் சொல்லுச்சு, மூணு ரூபாய்க்கு! அப்புறம் 2020 டிசம்பர்ல தேசிய நுகர்வோர் ஆணையமும், உள்ள நுழையும்போதே பைக்கு காசு, இம்புட்டு வெலை, இன்ன மாதிரி பைன்னு தெரியப்படுத்தாம பில் கவுண்டர்ல வச்சு தலைல கட்டறது தப்புன்னு சொல்லிருச்சு. பைக்கு காசே வாங்கக் கூடாதுன்னு அர்த்தம் இல்ல, முன்னாடியே சொல்லாம வாங்குறதுதான் தப்பு. நம்ம ஊர்ல 2019ல பிளாஸ்டிக் பைக்கு தடை வந்ததுல இருந்து எல்லாரும் இதையே சாக்கா வச்சுக்கிட்டாங்க. பேசாம மஞ்சப்பைய எடுத்துட்டுப் போங்க, கடை பேர வேற நம்ம செலவுல சுமக்க வேணாம்.

ஹோட்டல் பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு 5, 10 சதவீதம் அவங்களா சேத்திருந்தாலும் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலைல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு வழிகாட்டுதல் போட்டுச்சு, ஹோட்டல்காரங்க டெல்லி ஐகோர்ட்ல தடை வாங்குனாங்க, 2025 மார்ச்ல அந்த ஐகோர்ட்டே வழிகாட்டுதல் சரின்னு தீர்ப்பு சொல்லிருச்சு. ஜிஎஸ்டி வேற, சர்வீஸ் சார்ஜ் வேற, பில்ல நிதானமா படிங்க.

சாரல் தம்பி, கோர்ட்டுக்கு முன்னாடி 1915க்கு ஒரு போன் போட்டுருங்க. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம், புகார் நம்பர் தருவாங்க. அவங்க கோர்ட் இல்ல, தண்டிக்க மாட்டாங்க, கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கப் பாப்பாங்க. பெரிய கம்பெனிகள்ல இதுக்குன்னே ஆள் இருக்கறதால சில சமயம் சட்டுன்னு வேல நடக்கும், பஜார் கடைக்காரர்கிட்ட அவ்வளவா எடுபடாது. அதுக்கும் மசியலன்னா இ-ஜாக்ரிதி தளத்துல வீட்ல இருந்தே கேஸ் போடலாம். முன்னாடி இ-தாக்கில்னு இருந்தது, 2025ல இருந்து இது. நடந்தத தேதி வாரியா ரெண்டு பக்கம், உறுதிமொழிப் பத்திரம், ஆதாரமெல்லாம் ஸ்கேன், அவ்ளோதான். கடைய முதல் எதிர்மனுதாரர், கம்பெனிய ரெண்டாவதுன்னு போடுங்க. ஒருத்தர மட்டும் போட்டா அவர் மத்தவர கையக் காட்டிட்டு தப்பிச்சுருவாரு.


ஓரமா_நிக்கிறேன் எழுதுனது:

சரி நானும் ஒண்ணு கேக்குறேன், கிண்டல் பண்ணக் கூடாது. ஆன்லைன்ல ஷூ வாங்குனேன், படத்துல இருந்தது வேற வந்தது வேற, ரிட்டர்ன் விண்டோ முடிஞ்சிருச்சுன்னு சாட்ல ஒரே பதில காப்பி பேஸ்ட் பண்றாங்க. அதுக்கும் வழி இருக்கா?


வைகைக்கரை_டீச்சர் எழுதுனது:

இப்பதான் ஓரத்துல இருந்து ரோட்டுக்கு வந்துருக்கீங்க. 2020 இ-காமர்ஸ் விதிகள்னு தனியா இருக்கு. போட்ட விவரத்துக்கு பொருந்தாத பொருளோ, பழுதானதோ, சொன்ன தேதிக்கு பிந்தி வந்ததோ, அத திரும்ப எடுக்க மாட்டேன், காசு தர மாட்டேன்னு விற்பனையாளர் சொல்ல முடியாது. சாட்ல பேசுறத விடுங்க, அந்த தளத்துல கீழ எங்கயாவது பொடி எழுத்துல குறைதீர் அலுவலர்னு ஒருத்தர் பேரும் மெயிலும் இருக்கும், கட்டாயம் போட்டே ஆகணும். அவருக்கு மெயில் போடுங்க. 48 மணி நேரத்துக்குள்ள கெடச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும். பொருளோட பக்கத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்துருங்க, நாளைக்கே படத்த மாத்திருவாங்க.


ஈரோட்டு_கல்லாப்பெட்டி எழுதுனது:

சாரல் தம்பி, ஒரே ஒரு எச்சரிக்கைங்க. நோட்டீஸ் போனதும் கடைக்காரரு கூப்புட்டு இன்னைக்குத் தேதி போட்டு பில் தர்றேம்பாரு. வாங்கிறாதீங்க. நீங்க காசு போட்ட தேதியும் பில் தேதியும் ஒத்துப்போகலைன்னா நாளைக்கு கேஸுன்னு வந்தா உங்க பக்கம்தான் கேள்வி வரும். ஒரு மாசம் வாரண்டி கூடுதுன்னு ஆசப்படாதீங்க.


சாரல்_காத்து எழுதுனது:

எல்லாருக்கும் அப்டேட். திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போனேன். ஜாப் ஷீட் கேட்டதும் அந்தப் பையன் மொகமே மாறிட்டு, உள்ள போய் மேனேஜர கூட்டிட்டு வந்தான். அவரு ஜாரக் கழட்டிப் பாத்துட்டு "புஷ் அலைன்மென்ட் அவுட்"னு எழுதுனாரு. மிஸ்யூஸ்னு எழுத பேனாவ எடுத்தாரு, கல்லாப்பெட்டி அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து நான் வீடியோவ காட்டுனேன், எழுதல. அப்புறம் அக்கா பேருலயும் என் பேருலயும் கடைக்கு ஒண்ணு, கம்பெனிக்கு ஒண்ணு நோட்டீஸ், 1915லயும் புகார் பதிஞ்சாச்சு.

ஆறாம் நாள் அண்ணாச்சி போன் பண்ணாரு. "என்ன தம்பி, தாயா புள்ளையா பழகிட்டு நோட்டீஸ்லாம் அனுப்புதீங்க, நேர்ல வந்து சொன்னா மாத்தித் தர மாட்டனா"ங்காரு. நேர்லதான அண்ணாச்சி ரெண்டு தடவ வந்தேன்னேன், அந்தப் பக்கம் சத்தமே இல்ல. போனா அதே மாதிரி இன்னைக்குத் தேதில பில் எழுத ஆரம்பிச்சாரு! பழைய தேதி போட்டா கணக்க திருத்தணும்னு பொலம்புனாரு, அது உங்க பாடு அண்ணாச்சி, எனக்கு ஜிபே தேதிதான் வேணும்னு நின்னேன். மகன்கிட்ட ஏதோ குசுகுசுன்னு பேசிட்டு கடைசில போட்டுக் குடுத்தாரு, 4,350 வரியோட சேத்து. வாரண்டி கார்டுல சீலும் விழுந்துட்டு. மூணு நாள் கழிச்சு கம்பெனில இருந்து புது மிக்ஸி பெட்டியோட வந்துட்டு, பழசத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க.

டீச்சரக்கா, தாத்தா, கல்லாப்பெட்டி அண்ணே, ரொம்ப நன்றி. அக்காகிட்ட சொன்னா சந்தோசப்படுவான்னு பாத்தா, பழைய மிக்ஸியோட சின்ன ஜார் நல்லா பம்பரமா சுத்துச்சே, அத மட்டும் வச்சுக்கிட்டு மத்தத குடுத்திருக்கலாம்லன்னு கேக்கா. இதுக்கு எந்தப் பிரிவுன்னு தாத்தா கொஞ்சம் சொல்லுங்க.